அரிசியும் தேக பலமும்
(ஊர் வழக்கத்திற்கேற்ப ஆகாரம் மாறுவதால் விளையும் நன்மை தீமைகள்)

குடியானவர் தம் வயலின் மகசூலை மரக்கால் என்றும் மூட்டை என்றும் கணக்கிடத் தவறுவதில்லை. விதை, எரு, நீர், ஆள்கூலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. ஆனால் களத்திலிருந்து வீடு வந்த தானியம் உலைப்பானையை அடைவதற்குள் அதன் சத்தில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு நின்றது என்னும் கணக்கைப் பார்ப்பவர் சிலரே. எலியாலும் அந்துப்பூச்சியாலும் நேரும் சேதத்தைக் கண்டு வருந்துகிறவர், அரவை இயந்திரத்தாலும் அரிசி களையும் பாத்திரத்தாலும் நேரும் சேதத்தைக் காண்பதில்லை. எலி தின்ற நெல் எடையில் குறையும். தீட்டிய அரிசியோ எடையில் சிறிதே குறைந்து, நிறத்தில் அழகு பெற்று, விலையிலும் உயர்ந்து நிற்கும். ஆகையால் அங்கே நஷ்டம் நேர்ந்திருப்பதாக எவருக்கும் தோன்றுவதில்லை. அந்த நஷ்டம் உண்பவர் தேகத்தில்தான் வெளிப்படுகிறது. நிலமுடைய குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தைச் சற்று ஆழ்ந்து அறிவது அவசியம்.

1. ஒரே மாகாணம், மூவகை ஆகாரம்

பழைய சென்னை மாகாணத்தின் ஜில்லாக்களை ஆகார வகையால் மூன்றாகப் பிரிக்கலாம். வடக்கே, இன்று ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்துள்ள கிருஷ்ணா, கோதாவரி முதலிய கடலோரப் பகுதிகளில் ஜனங்கள் பச்சரிசியையே பெரிதும் உண்டனர். நெல்லை அவிக்காமல் உலர்த்தி, ஆலையில் அரைத்து, வெண்மையாகத் தீட்டி உண்பது அங்கே வழக்கமாயிற்று. தெற்கே காவிரிப் பாசனப் பகுதியிலும் மற்றத் தமிழ் ஜில்லாக்களிலும் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசியும், பண்டிகைக்கும் பலகாரத்துக்கும் பச்சரிசியும் என்று ஏற்பட்டிருந்தது. கோயமுத்தூர், சேலம், தருமபுரி முதலிய மேட்டுப் பூமிகளிலோ கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும், சோளச் சோறுமே நித்திய ஆகாரம். நெற்சோறு விசேஷ நாளுக்கு உரியது.

இம்மூன்று பகுதிகளிலும் குடியானவர் உழைப்பு ஒன்றே. ஆனால் பெரிபெரி என்னும் வியாதி இம்மாகாணத்தில் வடகடலோரப் பகுதியையே தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. கேழ்வரகும் கம்பும் உண்ட இடங்களிலும் அது தலைகாட்டவில்லை. நெல் அதே நெல். அவிப்பதும் அவிக்காததுமே அரிசி உண்பவர்களுக்குள் இவ்வளவு பெரிய வேற்றுமையை உண்டாக்கின.

பெரிபெரி கண்டவருக்கு முதலில் பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், நடை தளரும். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் சோர்ந்து மரணமும் நேரும். இவ்வியாதியின் மிகக் கொடிய உருவம் கைக்குழந்தைகளிடம் காணப்பட்டது. தாய் தீட்டிய அரிசியையே உண்டு வந்தால் அவள் பாலிலும் சத்துக் குறையும். வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் குழந்தை, பிறந்த சில மாதங்களுக்குள் குரல் கம்மி, மூச்சுத் திணறி, ஒரே நாளில் இறந்துபோவதும் உண்டு. 1940-களின் தொடக்கத்தில் குன்னூர் ஆராய்ச்சியாளர் இப்பகுதியின் சிசு மரணத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தது இக்காரணம் பற்றியே.

2. காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

நெடுங்காலம் இவ்வியாதியை ஒரு கிருமியின் வேலை என்றும், கெட்டுப்போன அரிசியின் விஷம் என்றும் வைத்தியர்கள் எண்ணியிருந்தனர். ஜாவாத் தீவில் டச்சு வைத்தியர் எய்க்மன் 1890-களில் ஓர் உண்மையைக் கண்டார். தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் விழுந்து துவண்டன. தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தபோது அவை எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ ஓர் அவசியமான சத்து இருப்பதும், அதன் குறைவே வியாதிக்குக் காரணம் என்பதும் 1901-ஆம் ஆண்டில் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் என்பவரால் விளக்கப்பட்டன. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றில் தமிழ்க் குடியானவர் கவனிக்கத்தக்க அத்தியாயம் மலேயாவில் நடந்தது. அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் சயாம் நாட்டு வெள்ளையரிசியை உண்டு பெரிபெரியால் பெருந்தொகையாக மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் தோட்ட வேலை செய்த தமிழரிடம் அவ்வியாதி மிக அருகியே காணப்பட்டது. தமிழர் தம் ஊர் வழக்கப்படி புழுங்கலரிசியையே விரும்பி உண்டதே இதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற வைத்தியர் அங்கிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து ஓராண்டு கவனித்தார். வெள்ளையரிசி உண்டவருள் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவிலோ வியாதி பரவவில்லை. அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், சாலை போடும் சுமார் 300 ஜாவாத் தொழிலாளரைக் கொண்டு இதையே சோதித்து, 1909-இல் தம் முடிவை வெளியிட்டனர். அரிசியை மாற்றியபோது வியாதியும் இடம் மாறிற்று.

அச்சத்தைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் 1926-இல் ஜாவாவில் உழைத்த யான்சன், டோனாத் என்னும் இருவர். அதன் அமைப்பைக் கண்டு 1936-இல் இரசாயன முறையில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். இவ்வமெரிக்கர் பிறந்தது நெல்லூரில். பெரிபெரிக்கு இருப்பிடமாயிருந்த அதே கடலோரத்தில் பிறந்த ஒருவரே அதன் மருந்தை உலகுக்கு அளித்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. தயாமின் அல்லது பி-1 ஜீவசத்து என்று இன்று வழங்குவது அதுவே.

3. குன்னூர் சோதனைகள்

இந்நாட்டில் ஆகார ஆராய்ச்சி 1918-ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், பெரிபெரியை விசாரிக்கும் ஒரு சிறு பிரிவாக, ஒரே அறையில் தொடங்கிற்று. அதை நடத்தியவர் ராபர்ட் மக்காரிசன். அந்தச் சிறு பிரிவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது.

மக்காரிசன் 1920-களில் ஒரு சோதனை செய்தார். இளம் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, பஞ்சாபின் சீக்கியர், வடமேற்கு எல்லைப் பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உண்ணும் ஆகாரங்களை ஒவ்வொரு கூட்டத்திற்கும் அவ்வவ்வாறே சமைத்துக் கொடுத்தார். சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் எடையிலும் ஆரோக்கியத்திலும் முதல் நின்றன. சென்னை மாகாணத்தார் ஆகாரத்தை உண்டவை கடைசியில் நின்றன.

இதைக் கேட்டுக் கோதுமையே உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்று முடிவு கட்டுவது சரியன்று. சீக்கியரின் ஆகாரத்தில் முழுக் கோதுமை மாவோடு பால், வெண்ணெய், பருப்பு, கீரை, காய்கறி ஆகியவையும் இருந்தன. சென்னை ஆகாரத்தில் தீட்டிய அரிசி மிகுந்து, பாலும் பருப்பும் பசுங்காய்களும் குறைந்திருந்தன. ஆகவே குறை இரண்டு: தானியத்தின் சத்தைக் களைந்து எறிவது ஒன்று, தானியத்தோடு சேரவேண்டியவற்றைச் சேர்க்காதது மற்றொன்று. பின்னர் 1930-களில் குன்னூர் ஆராய்ச்சியாளர் அரிசி உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெண்ணெய் எடுத்த பாலை நாள்தோறும் கொடுத்துப் பார்த்தபோது, பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் தெளிவாகத் தேறினர்.

4. அவிப்பதால் நெல்லில் நிகழ்வது என்ன?

நெல்லின் ஜீவசத்துக்களும் எண்ணெயும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் அடங்கியுள்ளன. நடுவிலுள்ள வெண்பகுதி ஏறக்குறைய மாவுச்சத்தே. பச்சை நெல்லை அரைத்துத் தீட்டும்போது முளைக்கருவும் தவிடும் சேர்ந்து நீங்கிவிடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ தவிட்டிலுள்ள தயாமின் நீரில் கரைந்து, சூட்டினால் உட்புறம் நோக்கிச் சென்று, மாவுப் பகுதியில் படிந்துவிடுகிறது. மாவும் இளகி இறுகுவதால் மணி கெட்டிப்பட்டு, அரவையில் நொய் குறைகிறது. பின்னர் தீட்டினாலும் உள்ளே சென்ற சத்து எளிதில் போவதில்லை. அரிசி களையும்போதும் புழுங்கலரிசி இழப்பது சிறிதளவே. தீட்டிய பச்சரிசியோ தன்னிடம் எஞ்சியுள்ள தயாமினில் பாதிக்கு அருகில் களைந்த நீரில் விட்டுவிடும்.

நெடுநாள் வழங்கிவரும் உணவுச்சத்து அட்டவணையின்படி, 100 கிராம் தானியத்தில் உள்ள சத்துக்கள் ஏறக்குறையப் பின்வருமாறு. இவை தானிய வகைக்கும் மண்ணுக்கும் ஏற்பச் சிறிது மாறும்.

தீட்டிய பச்சரிசி: புரதம் 6.8 கிராம், சுண்ணாம்புச் சத்து 10 மி.கிராம், தயாமின் 0.06 மி.கிராம்.
கைக்குத்தல் பச்சரிசி: புரதம் 7.5; சுண்ணாம்பு 10; தயாமின் 0.21.
ஆலைப் புழுங்கலரிசி: புரதம் 6.4, சுண்ணாம்பு 9, தயாமின் 0.21.
கைக்குத்தல் புழுங்கலரிசி: புரதம் 8.5; சுண்ணாம்பு 10; தயாமின் 0.27.
கேழ்வரகு: புரதம் 7.3, சுண்ணாம்பு 344, தயாமின் 0.42.
கம்பு: புரதம் 11.6, சுண்ணாம்பு 42, தயாமின் 0.33.
சோளம்: புரதம் 10.4, சுண்ணாம்பு 25, தயாமின் 0.37.

உழைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 மி.கிராமுக்கு மேற்பட்ட தயாமின் தேவை. அவர் 500 கிராம் தீட்டிய பச்சரிசி உண்டால், களைவதற்கு முன்பே அதில் இருப்பது 0.30 மி.கிராம்தான். அதே அளவு ஆலைப் புழுங்கலரிசியில் 1.05 மி.கிராம் உள்ளது. செலவு ஒன்றே, வயிறு நிறைவதும் ஒன்றே. சத்து மட்டும் மூன்றரை மடங்கு வேறுபடுகிறது. சுண்ணாம்புச் சத்தைப் பார்த்தாலோ, 300 கிராம் கேழ்வரகில் 1,000 மி.கிராமுக்கு மேல் இருக்க, அதே அளவு அரிசியில் 30 மி.கிராம்தான் உள்ளது. கேழ்வரகின் சுண்ணாம்பு முழுவதும் தேகத்தில் சேர்வதில்லை என்பது உண்மை. அதன் தோலிலுள்ள சில பொருள்கள் அதைத் தடுக்கின்றன. முளைகட்டி அரைத்தால் அத்தடை குறையும். அப்படிப் பார்த்தாலும் எலும்பு வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கேழ்வரகுக்கு இணையான தானியம் வேறில்லை.

5. வசதி வந்ததும் சத்துப் போவது

இன்று பெரிபெரி அருகிவிட்டது. அதனால் மேற்சொன்ன பாடம் பழங்கதையாகிவிட்டதென்று எண்ணலாகாது. நிலமுடைய குடும்பங்களில் கவனிக்கத்தக்க மாறுதல் ஒன்று நேர்ந்துள்ளது. தோட்டக்கால் பூமியில் களி உண்பது வறுமைக்கு அடையாளமென்றும், வெள்ளைச் சோறு கௌரவத்துக்கு அடையாளமென்றும் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. கையில் பணம் சேர்ந்தவுடன் முதலில் நீங்குவது களிக்கிண்டும் துடுப்பு. அடுத்து நீங்குவது உரலும் உலக்கையும். கம்பும் கேழ்வரகும் விளைந்த நிலம் வேறு பயிருக்கு மாறுகிறது. பால் முழுவதும் காலையிலேயே சொசைட்டிக்குப் போய்விடுகிறது. தவிடு மாட்டுக்கும், களைந்த நீர் கழுநீர்த் தொட்டிக்கும், வடித்த கஞ்சி அதே தொட்டிக்கும் போய்ச் சேருகின்றன. இவ்வாறு வீட்டு எருமை உண்ணும் ஆகாரத்தில் உள்ள தயாமின் வீட்டுப் பிள்ளையின் இலையில் இல்லாமற் போகிறது.

இதன் பயன் எண்களில் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை உள்ளது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் அவ்வாறே உள்ளனர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுற்றோர் தொகையை 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. இரத்தச் சோகைக்கும் நீரிழிவுக்கும் அரிசி ஒன்றே காரணமன்று; பல காரணங்கள் உள. ஆயினும் தட்டில் முக்கால் பங்கு வெள்ளைச் சோறும், கால் பங்கில் குழம்பும் சிறிது காயும் என்னும் ஆகாரம் இரண்டுக்கும் துணை செய்கிறது. ஏர் பிடித்தும் நாற்று நட்டும் உழைத்த தேகம் அவ்வளவு மாவுச்சத்தைச் செரித்தது. இயந்திரம் வந்து உழைப்புக் குறைந்தபின் அதே அளவு சோறு உண்பது வேறு பலனையே தரும்.

6. குடியானவர் செய்யத்தக்கவை

(அ) நெல் அவித்தல். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும் பழைய முறையில் நெல் புளித்து நாற்றம் பிடிக்கும். இதைத் தவிர்க்க, சுமார் 70 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள நீரில் மூன்று மணி முதல் மூன்றரை மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, உமி வாய் பிளக்கும் வரை ஆவியில் அவித்தால் போதும். அவித்த நெல்லை ஒரே மூச்சில் கடும் வெயிலில் காயவைத்தால் மணி விண்டு நொய்யாகும். பாதி காய்ந்ததும் குவித்து மூடிச் சில மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி பரப்பி முழுதும் உலர்த்துவதே உத்தமம்.

(ஆ) அரவை. வீட்டுக்கு வேண்டிய அரிசியை ஆலையில் அரைக்கும்போது மிக வெண்மையாகத் தீட்டவேண்டாமென்று முன்னரே சொல்லவேண்டும். உமியை மட்டும் நீக்கும் ரப்பர் உருளை இயந்திரமுள்ள ஆலையானால் மிக நன்று. ஒரு லேசான தீட்டே போதுமானது. தவிடு ஒட்டிய அரிசி, எண்ணெய்ப் பசை காரணமாக நாளாவட்டத்தில் காறும். ஆகையால் சேமிப்பு நெல்லாகவே குதிரில் இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு அல்லது ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம்.

(இ) சமையல். கல்லையும் உமியையும் முறத்தில் நீக்கிவிட்டால் பலமுறை களையவேண்டியதில்லை. சிறிதளவு நீரில் ஒரு முறை அலசினால் போதும். நீரை அளவாக வைத்துப் பொங்கினால் கஞ்சி வடிக்க நேராது. வடித்தே ஆகவேண்டுமானால் அக்கஞ்சியை உப்பும் மோரும் கூட்டிப் பருகலாம், குழம்பிலும் சேர்க்கலாம்.

(ஈ) பயிர். ஐந்து ஏக்கர் நிலமுடையவர் வீட்டு உபயோகத்துக்கென்று அரை ஏக்கரில் கேழ்வரகோ கம்போ பயிரிடுவது பெரும் நஷ்டமாகாது. கேழ்வரகின் ஊடே மொச்சையோ அவரையோ சாலிட்டு விதைப்பது சேலம், தருமபுரிப் பகுதிகளின் பழைய வழக்கம். ஒரே நிலத்தில் தானியமும் பருப்பும் கிடைப்பதோடு மண்ணும் வளம் பெறும். தானியத்தின் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பின் புரதம் நிரப்பும் என்பதால் இச்சேர்க்கை வயலுக்கு ஏற்றது போலவே தட்டுக்கும் ஏற்றது.

(உ) கீரையும் பாலும். வாய்க்கால் கரையில் அகத்தியும், கிணற்றடியில் முருங்கையும் வைத்தால் வருஷம் முழுவதும் கீரை உண்டு. 100 கிராம் முருங்கைக் கீரையில் சுமார் 440 மி.கிராம் சுண்ணாம்புச் சத்தும், கண்ணுக்கு வேண்டிய ஏ ஜீவசத்தாக மாறும் பொருளும் மிகுதியாக உள்ளன. கறக்கும் பாலை விற்கும் முன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வேண்டிய பங்கை எடுத்து வைப்பது முதற் செலவாகக் கருதப்படவேண்டும்.

7. கிராம அதிகாரிகளுக்கு

கிராமத்தின் ஆகாரத்தை ஒரு குடும்பம் மட்டும் திருத்திவிட முடியாது. பெரிய நிலக்காரர் வீட்டில் எது கௌரவமோ அதையே ஊர் பின்பற்றும். விசேஷங்களில் கேழ்வரகுப் பலகாரமும் கம்புச் சோறும் இடம் பெற்றால், அவற்றை உண்பது தாழ்வு என்னும் எண்ணம் தானே நீங்கும். பள்ளிச் சத்துணவுக் கூடத்தை ஒட்டிச் சிறு கீரைத் தோட்டமும் நான்கு முருங்கை மரங்களும் வைக்க இடமும் நீரும் ஒதுக்குவது ஊராட்சிக்கு எளிய காரியம். 2023-ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் ரேஷன் கடை அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகள் நிலைபெற வேண்டுமானால் உள்ளூரில் கேழ்வரகு விளையவும் வேண்டும். அதை அரைக்க நல்ல மாவு இயந்திரமும் வேண்டும். கேழ்வரகைச் சுத்தம் செய்து அரைக்கும் வேலை பெண்கள் தலையில் வீழ்வதாலேயே பல வீடுகள் அதைக் கைவிட்டன என்பதை மறத்தலாகாது. ஊருக்குப் பொதுவாக ஓர் இயந்திரம் அமைக்கப்பட்டால் பாதித் தடை நீங்கிவிடும்.

தமிழ்நாட்டுக் குடியானவரின் முன்னோர், ஜீவசத்து என்னும் பெயரையே அறியாத காலத்தில், நெல்லை அவித்து உண்ணும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். கடல் கடந்து சென்ற இடத்திலும் அவ்வழக்கம் அவர்கள் உயிரைக் காத்தது. காரணம் அறிந்துவிட்ட இக்காலத்தில் அதைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது. வரும் அறுவடையில் வீட்டு உபயோகத்துக்கென ஒதுக்கும் நெல்லிலிருந்தே இத்திருத்தத்தைத் தொடங்கலாம்.